நிரம்பாத குடத்தின் ஓசை: மலையகத்தில் சொந்தமாகத் திகில் குறும்படம் எடுப்பது எப்படி

அதிகாலை நான்கு மணி. தேயிலைத் தோட்டத்துப் பீலியடியில், மலைத் தண்ணீர் வந்து விழும் குழாயடியில், ஒரு பெண் தன்னுடைய குடத்தை வைத்துவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். மூடுபனியில் பீலியின் வாய்கூடச் சரியாகத் தெரியவில்லை. குடம் நிரம்ப நிரம்ப அதன் ஓசை மேலேறிக்கொண்டே போய், கழுத்தை எட்டியதும் அடங்குகிறது. அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்த பிறகு, பின்னால் இன்னொரு குடத்தில் தண்ணீர் விழும் ஓசை கேட்கிறது. வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாலும் அந்த ஓசை மேலேறவே இல்லை.

நானும் நண்பர்கள் நால்வரும் எடுத்த ஒன்பது நிமிடக் குறும்படத்தின் நடுக்காட்சி இது. இலங்கை மலையகத்தில் கையில் ஒரு கைப்பேசியும் நான்கு நண்பர்களும் வைத்துக்கொண்டு திகில் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த ஒரு காட்சியை வைத்தே பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடலாம் என்பதால், அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பேசப் போகிறேன். நம் ஊர்ப் பனி பாதிக்கு மேல் மறைத்துவிடுகிறது. ஆகையால் இங்கே எடுக்கப்படும் திகில் படத்தைப் பார்வையாளர் முதலில் காதால்தான் பார்க்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். கமெராவைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஒலியைப் பற்றி யோசிக்கச் சொல்வது அதனால்தான்.

இடத்திலிருந்து கதைக்கு

கதையை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்ற இடம் தேடுவது பணம் உள்ளவர்களின் வழி. நமக்கு எதிர்த்திசையில் நடப்பதுதான் நல்லது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி, சோல்ட் லேக் சிட்டி அருகே கைவிடப்பட்டுக் கிடந்த சோல்ட்ஏர் என்ற பழைய கேளிக்கை மண்டபத்தைப் பயணத்தின்போது கண்டு, அந்த மண்டபத்துக்காகவே ஒரு கதையை உருவாக்கி, சுமார் 33,000 டொலர் செலவில் 1962இல் ‘கார்னிவல் ஒவ் சோல்ஸ்’ படத்தை வெளியிட்டார். 2022இல் வெளிவந்த ‘ஸ்கினமரிங்க்’ படத்தை அதன் இயக்குநர் தாம் வளர்ந்த வீட்டுக்குள்ளேயே சுமார் 15,000 டொலருக்கு எடுத்து முடித்தார். இந்தத் தொகைகளைப் பார்த்து ‘மிகக் குறைந்த செலவு’ என்று இணையத்தில் வியப்பார்கள். 15,000 டொலர் இன்றைய மாற்று விகிதத்தில் நாற்பது இலட்சம் ரூபாய்க்கு மேல் என்பதால் எனக்கு அந்த வியப்பு வருவதில்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தை.

மலையகத்தில் பேய்ப் படம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது துரை பங்களாவும் வெள்ளை உடுத்திய வெள்ளைக்காரப் பெண்ணும். அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பங்களாவுக்குள் நம்மில் பெரும்பாலோர் விருந்தினராகப் போனதில்லை. அங்கே இரவில் எந்தக் கதவு கிரீச்சிடும், எந்தப் பலகை அசையும் என்பது நமக்குத் தெரியாது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் அறை, அதாவது லயத்துக் காம்பராவோ உள்ளங்கை போலத் தெரியும். பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்பாது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும், அங்கே விளக்கேற்றினால் இங்கே கூரையில் வெளிச்சம் ஆடும். பூட்டிக் கிடக்கும் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு நாள் அந்த வெளிச்சம் ஆடினால் போதும், அதற்கு மேல் பேயைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. காலையில் வேலைக்கு ஆள் கூடிக் கலைந்தபின் ஆளில்லாத பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் தராசு தொங்கும் கொழுந்து மடுவம், இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) ஈரமாகக் கிடக்கும், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு, இரவெல்லாம் கொழுந்தை வாட்டும் மின்விசிறிகள் இரையும் தொழிற்சாலை என்று கையருகே இருப்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே கேட்கும் ஓசையையும் எழுதுங்கள். எங்கள் தாளில் ‘பீலி’ என்பதற்கு எதிரே ‘குடம் நிரம்பும் சத்தம்’ என்று எழுதப்பட்டிருந்தது. படம் அங்கிருந்துதான் பிறந்தது.

சில இடங்களை எழுதியும் அடித்துவிட வேண்டியிருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த மண்ணின் மேல் நின்று ஆவிப் படம் எடுப்பதை எந்தக் கலைக் காரணமும் நியாயப்படுத்தாது. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் இறங்கும் காலங்களில் அந்த நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியா நகரத்தின் வழிபாட்டிடங்கள் வெளியே தெரிவதைப் பார்த்து ஏங்காத குறும்படக்காரர் இல்லை. அதைக் கரையிலிருந்து பார்த்து, இடம்பெயர்ந்தவர்களிடம் கதை கேட்டு எழுதுங்கள். காய்ந்ததுபோல் தெரியும் சேற்றில் இறங்கிப் படம் பிடிக்க வேண்டாம்.

ஓசையைச் செய்வது

எங்கள் முதல் முயற்சியைச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியாது. பீலிப் படத்துக்கு முந்தைய வருடம், இரண்டு சகோதரர்கள் ஒரு காம்பராவுக்குள் விடியும்வரை பேசிக்கொண்டிருக்கும் ஒரு கதையை எடுத்தோம். உரையாடல் முழுவதையும் கைப்பேசியில் உள்ள ஒலிவாங்கியிலேயே பதிந்தோம். மேலே தகரக் கூரை. இரவு ஒன்பதுக்குத் தொடங்கிய மழை விடியும்வரை விடவில்லை. படப்பிடிப்பின்போது காதுக்கு வசனம் நன்றாகத்தான் கேட்டது, ஏனென்றால் மனிதக் காது வேண்டியதைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். மறுநாள் கணினியில் போட்டுப் பார்த்தபோது இரண்டு பேர் வாயசைக்க, மேலே யாரோ மூட்டை மூட்டையாகச் சரளைக்கல் கொட்டுவதுபோல் இருந்தது. அந்தப் படம் அப்படியே கிடக்கிறது.

ஆகவே படத்தையும் ஒலியையும் தனித்தனியாகப் பதியுங்கள். இரண்டாவது கைப்பேசி ஒன்றை விமானப் பயன்முறையில் வைத்து, சட்டையில் செருகும் சிறிய கம்பி ஒலிவாங்கியை இணைத்து, நடிகரின் உடைக்குள் மறைத்துவிட்டால் ஓரளவு நல்ல வசனம் கிடைக்கும். காற்றுக்குக் கம்பளிக் காலுறையின் நுனியை வெட்டி ஒலிவாங்கிக்கு மாட்டலாம். செயலியில் 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் வடிவம் என்று தெரிவுசெய்து, மிக உரத்த சொல்லும் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதவாறு வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கமெராவுக்கு முன்னால் ஒரு முறை கைதட்டினால், பிறகு படத்தொகுப்பில் இரண்டையும் பொருத்துவது எளிது. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் பேசாமல் நின்று ஒரு நிமிட வெறும் ஓசையைப் பதியவும் மறக்காதீர்கள். வசனங்களுக்கு நடுவே வரும் வெட்டுகளை மூட அந்த ஒரு நிமிடம் இல்லாமல் முடியாது.

இனி குடத்துக்கு வருவோம். தண்ணீர் ஏற ஏறக் குடத்துக்குள் இருக்கும் காற்றுத் தூண் குறுகுவதால்தான் ஓசையின் சுருதி உயர்கிறது. இதை யாரும் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. தினமும் தண்ணீர் பிடிக்கும் எல்லோருக்கும் உடம்பே சொல்லும், அதனால்தான் வேறு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே சரியான நேரத்தில் குடத்தை எடுக்கிறோம். சுருதி உயராத ஓசையைக் கேட்டதும் பார்வையாளருக்கு ஏன் என்று தெரியாமலேயே ஏதோ பிழை என்று படுகிறது. முதலில் ஒரு விநாடி ஓசையை வெட்டி, கணினியில் திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்த்தோம். அது இயந்திரம் மாதிரி ஒலித்தது, சிரிப்பு வந்தது. பிறகு நண்பன் ஒருவன் பழைய பிளாஸ்டிக் குடமொன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பீலியிலிருந்து விழும் தண்ணீரும் ஓட்டையால் வெளியேறும் தண்ணீரும் சமமாகும்வரை ஓட்டையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கினான். நீர்மட்டம் பாதிக் குடத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் உண்மையில் விழுந்துகொண்டேயிருக்க, சுருதி மட்டும் அசையாமல் நின்றது. நாலு நிமிடம் பதிந்தோம். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற எங்களுக்கே சற்று நேரத்தில் பேச்சு நின்றுபோனது.

ஓசையைச் செய்யும்போது இப்படிப் பொருளிடமே போக வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திகில் ஒலித் தொகுப்புகளில் ஓநாய் ஊளையிடும். இலங்கையில் ஓநாயே கிடையாது, நரிதான் உண்டு. நுவரெலியாவில் ஓநாய் ஊளையிட்டால் தோட்டத்துப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். நம் காடுகளில் இரவில் பெண் அலறுவதுபோலக் கத்தும் ‘உலமா’ என்ற பறவையைப் பற்றிச் சிங்களக் கிராமங்களில் பழைய கதைகள் இருக்கின்றன. அதைப் பெரிய ஆந்தை இனமொன்றின் குரல் என்று பறவை அறிந்தோர் பலர் சொல்கிறார்கள். அப்படியொரு குரல் கையருகே இருக்கும்போது வெளிநாட்டு ஓநாய் எதற்கு? இசைக்குக்கூட வெளியே போக வேண்டியதில்லை. பதிந்த ஓசையொன்றைப் பாதி வேகத்துக்குக் குறைத்தால் அது சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். தொழிற்சாலை மின்விசிறியின் இரைச்சலை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இப்படி இரண்டு முறை இறக்கி, வசனத்துக்கு அடியில் காதுக்குக் கேட்டும் கேட்காமலும் ஓடவிட்டோம். படம் முழுவதற்கும் எங்கள் பின்னணி இசை அதுதான்.

பனியும் வெளிச்சமும்

மூடுபனியை நேருக்கு நேர் விளக்கால் அடித்தால் திரை முழுதும் வெள்ளைச் சுவராகிவிடும். பனித்துளிகள் வெளிச்சத்தைக் கமெராவுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. விளக்கை ஆளுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வைத்தால் பனியே ஒளிக்கற்றையாக மாறி, ஆள் கறுத்த உருவமாகத் தெரிவார். எங்கள் பீலிக் காட்சிக்கு மேற்பாதையில் நிறுத்தி வைத்த முச்சக்கர வண்டியின் முன்விளக்குத்தான் நிலா. அதற்கு முன்னால் எண்ணெய்த் தாள் ஒன்றைச் சிறிது தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார், அவ்வளவுதான்.

கைப்பேசியில் வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிட்டே பதிவைத் தொடங்குங்கள்; இல்லாவிட்டால் பனி நகரும்போதெல்லாம் படம் தானாக வெளுத்தும் கறுத்தும் விளையாடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 சட்டகமும் 1/50 மூடுவேகமும் (ஷட்டர் வேகம்) வைத்தால் குழல் விளக்கும் மலிவான எல்ஈடி மின்குமிழும் துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். இருட்டு வேண்டும் என்பதற்காக முழு இருட்டில் எடுக்கக் கூடாது; கைப்பேசியின் சிறிய உணரி அந்த இருட்டைப் பொரிபொரியான சாம்பல் நிறமாகத்தான் தரும். சூரியன் மறைந்த பிறகு நமக்குக் கிடைக்கும் அந்தி வெளிச்சம் சுமார் இருபது நிமிடம். அதற்குள் பரந்த காட்சிகளை எடுத்து, படத்தொகுப்பில் சற்றுக் கறுக்கச் செய்து நீலம் சேர்த்தால் விடியற்காலை நான்கு மணியாகிவிடும். எங்கள் பீலிக் காட்சி உண்மையில் மாலை ஆறரைக்கு எடுத்தது.

பனி யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், அது தெரியும் பரந்த காட்சிகளை முதலில் முடித்துவிட்டு, முகத்தையும் கையையும் குடத்தையும் பிறகு எடுங்கள். நெருக்கக் காட்சியில் பின்னால் பனி இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலும், பண்டாரவளை, ஹப்புத்தளை போன்ற ஊவாப் பக்கம் ஆண்டிறுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலும் பனியும் மழையும் தாராளம். 2018இல் வெளிவந்த ‘தும்பாட்’ என்ற இந்திப் படத்தை உண்மையான மழைக்காகப் பல பருவகாலங்கள் காத்திருந்து எடுத்தார்கள். நம்மால் அவ்வளவு காத்திருக்க முடியாது. ஒரே வாரத்துக்குள் முடியும் கதையை எழுதிவிடுவதே உத்தமம்.

ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் பற்றரி வழக்கத்தைவிட விரைவில் இறங்குவதால், மேலதிகப் பற்றரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். வெளியே குளிர்ந்து கிடந்த கமெராவை அடுப்பு எரியும் காம்பராவுக்குள் அப்படியே கொண்டுபோனால் கண்ணாடிக்குள் நீர் பூத்துவிடும்; வெளியிலேயே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, உள்ளே கொண்டுவந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

கமெராவை நகர்த்த விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 1981இல் வெளிவந்த ‘ஈவில் டெட்’ படத்தில் காட்டுக்குள் ஏதோ பாய்ந்து வருவதுபோன்ற காட்சிகளுக்கு, பலகையொன்றின் நடுவில் கமெராவைப் பூட்டி இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இருவரின் அசைவும் நடுவில் வரும்போது பாதியாகத் தணிகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருவர் அருகருகே ஓட இடமில்லாததால், நாங்கள் பலகையை முன்பின்னாக, பாடை தூக்குவதுபோலப் பிடித்து நடந்தோம். அந்த ஒப்புமையைச் சொன்னவர் எங்கள் கதாநாயகியின் தாய். அதன் பிறகு பலகையைத் தொட ஒருவனுக்குக் கை வரவில்லை.

ஆட்கள்

நடிக்க ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் தோட்டங்களில், விடியும்வரை அரிதாரம் கலையாமல் நின்று ஆடப் பழகிய உடம்புகள் இருக்கின்றன. கமெராவுக்கு முன்னால் அவர்கள் குரலை மட்டும் தணித்துக்கொண்டால் போதும். மலையில் வேலை செய்பவர்களை நடிக்க அழைத்தால் சனிக்கிழமை இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஓய்வு என்பதால் அவர்கள் தூக்கத்தைத் திருடிய பாவம் வராது. சாப்பாடு, சாயத்தண்ணி, ஒரு நாள் சம்பளம் ஆகியவற்றைக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். எங்கள் செலவில் பெரும்பகுதி இவைதான்.

1999இல் வெளிவந்த ‘பிளேயர் விட்ச் புரொஜெக்ட்’ படத்தை எடுத்தவர்கள், நடிகர்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்புகளைக் கொடுத்து, மற்றவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று தெரியாமலே காட்டுக்குள் நடிக்கவிட்டார்கள். நாங்கள் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். செடிக்குள் மறைத்த புளூடூத் ஒலிபெருக்கியில் இரண்டாவது குடத்தின் ஓசை எந்தப் பதிவில் வரும் என்பதை நடித்தவருக்குச் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒன்று வரும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அவருடைய சம்மதத்தையும் வாங்கியிருந்தோம். பாசி பிடித்த படியில் குடத்தோடு நிற்பவரை உண்மையாகவே திடுக்கிட வைப்பது நடிப்பு ஆகாது, விபத்துத்தான் ஆகும். மூன்றாவது பதிவில் ஓசையை விட்டோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த குடத்தை இன்னும் சற்று இறுக அணைத்துக்கொண்டார். எழுதியிருந்தால் இப்படி எழுத எங்களுக்குத் தோன்றியிருக்காது.

ஊருக்கு முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதை இன்னோர் இரவு கற்றுக்கொடுத்தது. ஒரு காட்சிக்குத் தூரத்தில் தப்பு என்ற பறையை அடிக்கும் ஓசை வேண்டியிருந்தது. தப்பு வாசிக்கும் நண்பர் இரவு பதினொரு மணிக்குச் சாவு வீட்டு அடியை அடிக்கத் தொடங்கினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, கீழ் லயத்திலிருந்து டோர்ச் வெளிச்சங்கள் வரிசையாக ஏறி வந்தன. முன்னால் வந்த பெரியவர், “யாரு தம்பி தவறிட்டாங்க?” என்று கேட்டார். படப்பிடிப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபிக்கவில்லை. “அந்த அடிய சும்மா அடிக்கக் கூடாதுப்பா, கேட்டா மனசு எண்ண ஆரம்பிச்சிடும்,” என்றார். வீட்டில் படுக்கையாகக் கிடப்பவர்களின் பெயர்களை மனம் எண்ணத் தொடங்கிவிடும் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் எடுத்தது. பிறகு அந்தக் காட்சியில் தப்பை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்: ஓர் அடுப்பங்கரை, ஒரு முகம், தூரத்தில் அந்த அடி. பகலில், எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மீண்டும் பதிந்தோம்.

முனியாண்டி, மாடசாமி, தொழிற்சாலையைக் காக்கும் ரோதமுனி போன்ற தெய்வங்களை வில்லனாக்கும் ஆசை பலருக்கு வருகிறது. அவர்கள் காவல் தெய்வங்கள். பயமும் நம்பிக்கையும் ஒன்றாகக் கலந்த அந்த உறவைப் புரிந்துகொண்டு எழுதினால் கதை ஆழமாகும், வெறும் அரக்கராகக் காட்டினால் ஊரும் கெடும் கதையும் கெடும். குடிகாரத் தொழிலாளியைப் பேய் பிடித்தவனாகக் காட்டுவதும் அப்படித்தான். அந்தப் படத்தை வெளியார் போதுமான அளவு எடுத்துவிட்டார்கள்.

இரத்தமும் அனுமதியும்

இரத்தம் வேண்டுமென்றால் கெட்டியான சீனிப்பாகில் சிவப்பு உணவுச் சாயம் கலந்து, கொஞ்சம் சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் காய்ச்சி, ஒரு சிட்டிகை கொக்கோத் தூள் சேர்த்தால் போதும். பனி வெளிச்சத்தில் சிவப்பு வெளிறித் தெரிவதால் கண்ணுக்குத் தோன்றுவதைவிடக் கருமையாகவே செய்யுங்கள். இனிப்பு என்பதால் எறும்பும் குளவியும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளவியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். தோட்டங்களில் குளவிக் கொட்டு உயிர் ஆபத்து. மரத்திலும் பாறையிலும் கூடுகள் எங்கே இருக்கின்றன என்பதை மலையில் வேலை செய்பவர்களிடம் பகலிலேயே கேட்டறிந்து, அந்தப் பக்கம் புகை, பலத்த விளக்கு, ட்ரோன் எதையும் கொண்டுபோகாதீர்கள். சிறுத்தை நடமாடும் இடங்களில் இரவில் யாரையும் தனியே விடக் கூடாது. அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் சரிவுகளில் படப்பிடிப்பை நிறுத்திவிடுங்கள், எவ்வளவு அழகான மழையாக இருந்தாலும். தோட்டத்துக்குள் எடுப்பதற்குத் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ரயில் பாதையிலும் சிங்கமலைச் சுரங்கம் போன்ற இடங்களிலும் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதோடு முட்டாள்தனமும்கூட. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு.

பார்ப்பதும் திருத்துவதும்

நல்ல திகில் படம் எடுக்க, நிறையப் பார்க்க வேண்டும். அதையும் ஒரு முறையோடு பார்க்க வேண்டும். உங்களைப் பயமுறுத்திய காட்சியொன்றை முதலில் ஓசையை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பயம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது உடனே தெரிந்துவிடும். ஜப்பானில் 2017இல் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ‘ஒன் கட் ஒவ் த டெட்’ படத்தின் முதல் 37 நிமிடங்கள் ஒரே வெட்டில்லாக் காட்சி. அதில் விழும் தடுமாற்றங்கள் எல்லாம் எதற்காக என்று பின்பாதியில் தெரியவரும்போது, சொந்தமாகப் படம் எடுத்த எவருக்கும் சிரிப்போடு கண்ணீரும் வரும். குழுவாக உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் உடனே பேச வேண்டாம்.

படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். ஒலியை முதலில் வரிசைப்படுத்திவிட்டு அதன் மேல் படத்தை வைத்துப் பாருங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பதைக் காது சொல்லும். சினிமாப் பாடல் எதையும் சேர்க்காதீர்கள், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் குறும்படத்துக்கும் பொருந்தும். உங்கள் உரிமையையும் கவனியுங்கள். ஜோர்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படமான ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’டின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது எல்லோருக்கும் பொதுவான படமாகிவிட்டது; உலகமே பார்த்த படத்தின் வருமானத்தில் பெரும்பகுதி எடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று நம் சட்டத்தில் உரிமை தானாகவே வந்துவிடும் என்றாலும், முடிவு அட்டையில் பெயரும் ஆண்டும் போட்டுவிடுவது நல்லது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வசன எழுத்துச் சேர்த்தால் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா போன்ற இடங்களுக்கு அனுப்பலாம்.

அதற்கு முன்னால், எடுத்த இடத்திலேயே ஒரு முறை திரையிடுங்கள். நாங்கள் தோட்டத்து வாசிகசாலையில் வெள்ளைத் துணி கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் போட்டோம். திரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து முகங்களைப் பார்த்தேன். எந்த இடத்தில் யார் இருமினார், எங்கே பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன். பீலிக் காட்சியில் யாரும் இருமவில்லை. படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த அம்மாயி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பொம்பள செத்து எத்தன வருசம்?” என்று கேட்டார். கதைப்படி அறுபது எழுபது வருடம் இருக்கும் என்றேன்.

“அப்ப அவ கையில ஏது தம்பி பிளாஸ்டிக்குக் கொடம்? அந்தக் காலத்துல மண்ணெண்ண டின்னுலதான் தண்ணி தூக்குவோம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தேடிப் பிடித்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதே பீலியில் வைத்துப் பதிந்தோம். துரு ஏறிய தகரத்தில் தண்ணீர் விழும் ஓசை குடத்தைவிட வறண்டது, கொஞ்சம் கூச்சலானது, ஓரத்தில் ஒரு நடுக்கமும் சேர்ந்தது. கதாநாயகியின் குடம் பிளாஸ்டிக்காகவே இருக்க, பின்னால் கேட்கும் பதினொரு விநாடியை மட்டும் தகரத்துக்கு மாற்றினோம்.